வெல்ல பாயின் ஈரல்

தர்மபுரி மாவட்டத்தில் எந்தக் கிணற்றில் உப்புத் தண்ணீர், எதில் நல்ல தண்ணீர் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லக்கூடிய ஒரே மனிதர் வெல்ல பாய்தான். கம்பைநல்லூரில் வெல்ல மண்டி வைத்திருந்தார். வந்திறங்கும் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டு, கரும்புக்குப் பாய்ந்தது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பது வரை கண்டுபிடித்துத்தான் விலை சொல்வார். எண்பதுகளில் அந்த நாக்கை நம்பித்தான் விவசாயிகள் வந்தார்கள். சர்க்கரை வியாதியும் வந்தது.

ஒரு நாள் மண்டியிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். பக்கத்து உரக்கடையில் வேலை பார்த்த நான்தான் சேலத்துக்கு அழைத்துப் போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டர் முறைத்தார்.

"ஈரல்ல கொழுப்பு சேர்ந்திருக்கு. குடிப்பீங்களா?"

"அல்லா மேல சத்தியமா தொட்டதில்லீங்க. வெல்லம் மட்டுந்தானுங்க."

"அதை நிறுத்துங்க. சோத்தைக் குறைச்சு ராகிக் களி சாப்பிடுங்க. தினம் ஒரு மணி நேரம் நடங்க. எடை இறங்கலேன்னா ஈரல் கெட்டுப் போயிடும்."

வெளியே வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "வாயில போடாம எப்பிடி வெல சொல்றது தம்பி? மண்டிய மூட வேண்டியதுதான்."

டாக்டரே சொன்ன களி ஆயிற்றே! வேளைக்கு மூன்று உருண்டை, கறிக்குழம்போடு இறக்கினார். நடக்கவும் கிளம்பினார். ஆனால் எங்கள் பக்கம் வண்டிக்காரர் நிறுத்தி "ஏறுங்க பாய்" என்றால் மறுப்பது மரியாதையில்லை. போகும்போது மாட்டுவண்டி, வரும்போது யாராவது ஒருவரின் சைக்கிள். ஒரே மாதத்தில் இரண்டு கிலோ கூடிவிட்டார்.

"நடக்கறதுக்குன்னே போறேன், ஒருத்தனும் நடக்க வுட மாட்டேங்கறானே!" என்று புலம்பினார்.

"வரப்பு மேல போங்க பாய், அங்க எவன் வண்டி ஓட்டறான்?" என்று நான் எரிந்து விழுந்தேன். அன்றிலிருந்து வரப்பு நடைதான். களி ஒரு உருண்டையாகி, பக்கத்தில் கீரை வந்தது. வெல்லத்தை உடைத்து, முகர்ந்து, விரலில் தேய்த்துப் பார்க்கப் பழகினார். வியாபாரிகள் கேலி செய்தார்கள்.

சந்தை நாளன்று ஒரு தரகர் பொன்னிறமான ஒரு வெல்லக் கட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "நாக்குல வெக்காம சொல்லுங்க பாக்கலாம்!"

பாய் தேய்த்தார். "விரல்ல பிசுபிசுங்குது. உப்புக் கெணத்துப் பாய்ச்சல்."

தரகர் ஒரு துண்டை வாயில் போட்டார். அவர் முகம் போன கோணலைப் பார்த்து மண்டியே விசிலடித்தது. பாய் மீசையை முறுக்கிக்கொண்டு அடுத்த மூட்டைக்கு நகர்ந்தார்.

ஆறு மாதம் கழித்து மறுபடி சேலம், மறுபடி ஸ்கேன். பத்து கிலோ இறங்கியிருந்தார்.

"ஈரல்ல கொழுப்பு நல்லாக் குறைஞ்சிருக்கு. சர்க்கரையும் கட்டுப்பாட்டுல இருக்கு" என்று டாக்டர் எழுந்து கை கொடுத்தார். பாய் அந்தக் கையை விடவே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் வெற்றி வீரர் ஜன்னலோரம் அசந்து தூங்கிவிட்டார். இங்கிலீஷில் இருந்த ரிப்போர்ட் என் மடியில் கிடந்தது. கொழுப்பு குறைந்திருக்கிறது என்ற அந்த ஒரு வரியைத் தர்மபுரி வருவதற்குள் ஏழு முறை படித்துவிட்டேன். எட்டாவது முறை கண் கலங்கி எழுத்து தெரியவில்லை.