இடது கை கழன்ற கோட்டு

இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் தையல்காரம்மா நாற்காலியை அரையடி பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"எவ்வளவுன்னு சொல்லும்மா."

"ஒண்ணும் இல்லம்மா. இது சட்டக் கல்லூரி உதவி மையம். நாங்க மாணவர்கள். காசு வாங்க மாட்டோம்."

"அது முதல் விலை. கடைசி விலை என்ன?"

"கடைசி விலையும் அதேதான்."

"அப்ப சரக்குல ஏதோ கோளாறு இருக்கு."

மாணவிக்கு இதுதான் முதல் வழக்கு. கடைசி வருடத்தில் ஐம்பது மணி நேரம் இலவசச் சேவை செய்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். வகுப்பில் அவளுக்கு 'முணுமுணுப்பு' என்று பெயர். அவள் பேசுவது முதல் வரிசைக்கே எட்டாது.

மேசையில் கட்டட உரிமையாளரின் கடிதம் கிடந்தது. மாடிப்படிக்கு அடியில் இருபது வருடமாக இருக்கும் தையல்கடையை மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டுமாம். மூன்று மணிக்கு எதிர்க் கட்டடத்துச் சமரச அலுவலகத்தில் பேச்சு. பேச ஆள் இல்லையென்றால் கடை போச்சு. மாணவி பேசுவதென்றால் தையல்காரம்மா ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அவரோ பேனாவைத் தொடவே இல்லை.

"ஓசியில வாங்கினா கேள்வி கேட்க முடியாதும்மா. நீ பாதியில சொதப்பினா உன்னை எந்த வாயால திட்டுவேன்?"

"தாராளமா திட்டுங்கம்மா."

"காசு கொடுக்காம எப்படித் திட்டறது?"

மாணவி ஒப்புதல் தாளை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினாள்.

தையல்காரம்மாவின் கண் அவள் தோளில் நின்றது. "கோட்டு அண்ணனோடதா?"

"எப்படித் தெரியும்?"

"உள்ள இன்னொருத்தர் உக்கார இடம் இருக்கே. தோளைப் பிடிச்சுத் தர்றேன். உனக்கும் எனக்கும் சரியாப் போச்சு."

மாணவி சுவரில் ஒட்டியிருந்த நான்காம் விதியைக் காட்டினாள். கட்சிக்காரரிடம் பணம், பொருள், உழைப்பு எதையும் பெறக் கூடாது. தையல்காரம்மா அதைப் படிக்காமலே தலையாட்டினார்.

"போன மாசம் ஒருத்தன் கட்சிக்காரர் கொடுத்த பிஸ்கட்டைத் தின்னுட்டான். மேடம் மன்னிப்புக் கடிதம் எழுத வெச்சாங்க," என்றாள் மாணவி.

"எத்தனை பிஸ்கட்?"

"பாதி."

அறை புழுங்கியது. மாணவி கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பேச வேண்டியதை எழுத உட்கார்ந்தாள். நிமிர்ந்தபோது கோட்டு தையல்காரம்மாவின் மடியில் இருந்தது.

"அக்குள்ல கிழிசல் இருந்துச்சு. ரெண்டே தையல்."

"அம்மா, அதுவும் உழைப்புதான். தயவு செஞ்சு பிரிச்சிடுங்க."

"தெச்சதைப் பிரிக்கச் சொன்ன முதல் ஆள் நீதான்," என்று கத்தரியை எடுத்தார். நறுக், நறுக். கோட்டின் இடது கை முழுசாகக் கழன்று மேசையில் விழுந்தது.

"அடடா," என்றார். "வழுக்கிடுச்சு."

சரியாக அப்போது மேடம் உள்ளே வந்தார். மையத்தின் பொறுப்பு வக்கீல், பாதி பிஸ்கட்டைக் கண்டுபிடித்தவர். மேசையில் கிடந்த கையைப் பார்த்தார். தையல்காரம்மாவைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"விதி நாலு ஞாபகம் இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மணி இரண்டு. கோட்டு இல்லாமல் சமரச அலுவலகத்தில் பேச விட மாட்டார்கள். மாணவி ஸ்டேப்ளரை எடுத்துத் தானே கையை இணைத்தாள். போட்டுப் பார்த்தால் முழங்கை முன்பக்கம் இருந்தது. பிடுங்கித் திருப்பி மறுபடி இணைத்தாள். நிமிர்ந்து நின்று, "ஐயா, என் கட்சிக்காரர்..." என்று கையை நீட்டினாள். கோட்டின் கை அவளுக்கு முன்னால் வாசலுக்குப் போய் விழுந்தது.

அவள் கண் கலங்கிவிட்டது. "என்னால உங்க கடை போயிடும்மா."

தையல்காரம்மா வாசலில் கிடந்த கோட்டுக் கையை எடுத்து வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "படிச்ச பொண்ணு நீ. ஒருத்தர் பொருளை இன்னொருத்தர் கெடுத்துட்டா சட்டம் என்ன சொல்லுது?"

"நஷ்ட ஈடு. கெடுத்தவங்கதான் சரி பண்ணணும்."

"அது அன்பளிப்பா?"

மாணவி நிமிர்ந்தாள். "இல்ல. கடமை." அந்தச் சொல் எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அவளே அரண்டு போனாள். "நீங்க தெச்சுத்தான் ஆகணும். நான் வேண்டாம்னு சொன்னாலும் விட முடியாது!"

"சட்டம்னா என்ன பண்றது," என்று பெருமூச்சு விட்டார் தையல்காரம்மா. ஊசியில் நூல் ஏற்கெனவே கோத்திருந்தது. "ஒரு தோளை மட்டும் தொட்டா கோணிக்கும். ரெண்டையும் பார்க்கணும். அதுவும் கடமையில சேருமா?"

"சேரும்னு நினைக்கிறேன்."

இரண்டே முக்காலுக்கு மாணவி கோட்டைப் போட்டுக்கொண்டாள். அண்ணன் அதற்குள்ளிருந்து வெளியேறிவிட்டிருந்தார். தோள் தோளில் நின்றது, முதுகு தானே நிமிர்ந்தது. தையல்காரம்மா ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார்.

சமரச அலுவலகத்தில் முதல் வாக்கியம் பழையபடி முணுமுணுப்பாகத்தான் வந்தது. பின்னாலிருந்து முதுகில் ஒரு குத்து.

"சத்தமாப் பேசு. திட்ட இப்ப எனக்கு உரிமை இருக்கு."

பேசினாள். உரிமையாளர் இரண்டு முறை தண்ணீர் கேட்டார். நான்கு மணிக்கு, தையல்கடைக்கு இன்னும் ஐந்து வருடம் என்று எழுத்தில் கிடைத்தது.

மணிநேரத் தாளில் கையெழுத்து வாங்க மேடத்தின் அறைக்குப் போனபோது, மாணவிக்கு மனசு உறுத்தியது.

"மேடம், கோட்டைத் தெச்சது அந்த அம்மாதான். ஆனா அது அன்பளிப்பு இல்ல, நஷ்ட ஈடு. பாவம், தெரியாம கையைக் கழட்டிட்டாங்க."

மேடம் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினார். எழுந்து வந்து, அவள் தோள் தையலை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"உனக்கு இடது கையா?" என்றார். "நான் மாணவியா இருந்தப்ப எனக்கு இதே அம்மா வலது கையைக் கழட்டினாங்க."