நீலப் பென்சில் டிக்

"வெள்ளிக்கிழமைக்குள்ள நம்ம ஆபீஸ் நடைமுறையில தேவையில்லாத ஒரு படியையாவது எடுத்தாகணும்மா. இல்லேன்னா உங்க போஸ்டைத்தான் எடுப்பாங்க" என்றார் ஏற்காடு தாலுகா ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் தனபால், டீயை ஊதிக்கொண்டே.

கிளார்க் சசிரேகா கையிலிருந்த மனுக்கட்டை அப்படியே மேசையில் வைத்தாள். ஜனங்களை அலையவிடும் விதிகளைக் குறைக்கச் சொல்லி அரசாங்க உத்தரவு. நல்லதுதான். அதற்காகப் போஸ்டை இழந்து, மாற்றலில் அவள் எதற்கு மலையை விட்டு இறங்க வேண்டும்? வீடு நாகலூரில், மகள் படிப்பது ஏற்காட்டில்.

ஆனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அவளைக் குடைந்த கேள்வி ஒன்று இருந்தது. வாசலோரச் சேரில் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவர் யார்? எந்த மனுவும் முதலில் அவரிடம்தான் போகும். நிதானமாகப் படித்து, நீலப் பென்சிலால் ஒரு டிக் போட்டு உள்ளே அனுப்புவார். உள்ளேயிருந்து யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்துகொள்வார்.

"அய்யா எந்த செக்‌ஷனுங்க சார்?"

"தபால் செக்‌ஷனா இருக்கும். நான் வர்றதுக்கு முன்னாடியே இருக்காரு."

தபால் செக்‌ஷனில் கேட்டால், "நாங்க எலக்‌ஷன் செக்‌ஷன்னு நெனச்சோம்" என்றார்கள்.

டிரைவர் மாதேஷ் மட்டும் குரலைத் தாழ்த்தினான். "பெரிய எடத்துச் சிபாரிசுங்கக்கா. வாயக் குடுத்து மாட்டிக்காதீங்க."

அட, கேட்டுக்கொண்டிருப்பானேன் என்று மறுநாள் மனுக்களை அவரைத் தாண்டி நேரே ஆபீசர் மேசைக்குக் கொண்டுபோனாள். போன வேகத்தில் திரும்பி வந்தன.

"டிக் எங்கம்மா? டிக் இல்லாம நான் எதை நம்பிக் கையெழுத்துப் போடறது?"

அடுத்து, பெரியவரின் சேரை வராந்தாவுக்கு மாற்றிப் பார்த்தாள். வரிசையும் பின்னாலேயே வராந்தாவுக்குப் போனது. மலைமழைக்குச் சொல்லவா வேண்டும், மனுவெல்லாம் தொப்பலாக நனைந்துவிட்டது.

"ஏனுங்கம்மணி, அய்யன நனைய உட்டா எங்களுக்கு யாருங்க டிக் போடுவாங்க?" என்று மனுவோடு வரிசையில் நின்ற மஞ்சக்குட்டை அருக்காணி பிடித்துக்கொண்டாள்.

தனபால் பதறி வந்து பெரியவரைக் கைப்பிடித்துப் பழையபடி வாசலோரத்துக்கே அழைத்துப்போனார். மேசை வந்தது, மணி வந்தது. கூட்டம் நொம்பச் சேருகிறது என்று உதவிக்கு ஆளும் போட்டார்கள். ஆள் சசிரேகாதான். இனி அவள் ஒரு டிக், அதன்மேல் பெரியவர் ஒரு டிக். படியைக் குறைக்கப் போனவள் தானே ஒரு படியாகி உட்கார்ந்திருந்தாள். அழுகை அழுகையாக வந்தது.

வெள்ளிக்கிழமை, எந்தப் படி குறைந்தது என்று பார்க்கச் சேலத்திலிருந்து அதிகாரி ரம்யா வந்தார். நேராக அந்த மேசை முன்னால் நின்றார்.

"இங்க என்ன வேலை நடக்குது?"

தனபால் விட்டத்தைப் பார்த்தார். போகிற போஸ்ட் போகட்டும் என்று சசிரேகா எழுந்தாள். "தெரியலைங்க மேடம். சேர்ந்த நாள்லருந்து நானும் அதத்தான் கேட்டுட்டிருக்கேன்."

ரம்யா பெரியவர் பக்கம் திரும்பினார். "டிக் எதுக்குங்க போடறீங்க?"

"படிச்சதுக்கு அடையாளமுங்க. வர்றவங்க எல்லாரும் நீட்டறாங்க. சும்மாதான உக்காந்திருக்கம்னு படிச்சுத் தர்றனுங்க."

"உங்க பேரு?"

"தலைச்சோலை பெரியசாமிங்க."

"சரி, பெரியசாமி, உள்ள வாங்க."

பெரியவர் முதல்முறையாக முழுசாக எழுந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"தோட்டத்துக்கு வழி கேட்டு மனு குடுத்தனுங்க. 'அந்தச் சேர்ல உக்காருங்க, பேரு சொல்லிக் கூப்புடறோம்'னாங்க, இன்னைக்குத்தானுங்க கூப்புட்டிருக்கீங்க."