நாலாவது அறிகுறி

ஊருக்குச் சொல்லும் புத்தி தனக்கும் சேர்த்துத்தான் என்பது எனக்கு இருபத்தாறு வயதுவரை தெரியாது. (தெரியவைத்த மத்தியானத்தைத்தான் சொல்ல வருகிறேன்.)

ஈப்போவிலிருந்து போய், சுங்காய் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்திருந்தேன். செமோரில் இருந்த அத்தை, வேலை நிரந்தரமானால்தான் மகளைத் தருவேன் என்று சொல்லிவிட்டார். மேனேஜரோ, கடும் வெயிலில் உடம்பைக் காப்பது பற்றித் தொழிலாளர்களுக்கு நான் பேசுவதைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்.

"காலையில பெரட்டுல பேர் கூப்பிடுறப்பவே பேசிருங்க தம்பி. பன்னெண்டுக்கு மேல நாங்களே வெயில்ல நிக்கிறதில்ல" என்றார் மண்டோர் சரசு அக்கா. ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். நானோ, வெயிலைப் பற்றி வெயிலில் பேசினால்தான் உறைக்கும் என்று பகல் ஒரு மணிக்குத் திடலில் கூட்டம் வைத்தேன். (விடியற்காலையில் என்னால் எழ முடியாது என்பதை வேறு எப்படிச் சொல்வது?)

மச்சானிடம் இரவல் வாங்கிய கல்யாணக் கோட்டு, கழுத்தை நெரிக்கும் டை. நடுவில் கழிவறைக்கு ஓட வேண்டிவருமோ என்று காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. தொழிலாளர்கள் தண்ணீர் போத்தலோடு மரநிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பாதுகாப்பு அதிகாரி மட்டும் நடுவெயிலில் நின்றார்.

"முதல் அறிகுறி தலைவலி. ரெண்டாவது தலைசுற்றல். மூணாவது குமட்டல்."

"தம்பி, உங்க மூஞ்சியே சரியில்லலா. நிழலுக்கு வாங்க" என்றார் சரசு அக்கா.

"கேள்வியெல்லாம் கடைசியில, அக்கா. நாலாவது, சம்பந்தமில்லாம பேசுறது."

மிச்சம் பிறர் சொல்லித்தான் தெரியும். முறுக்கு மீசை மேனேஜரின் கையைப் பிடித்து, "அத்தை, பொண்ணு இல்லன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்று கெஞ்சிவிட்டுச் சாய்ந்தேனாம். பனங்குலை ஏற்றும் தள்ளுவண்டியில் என்னைப் போட்டு நிழலுக்குக் கொண்டுபோய், கோட்டைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, விசிறிக்கொண்டே கிளினிக்கில் சேர்த்திருக்கிறார்கள். நான் சொல்லித்தர இருந்த அத்தனையும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. வெட்கமாக இருந்தது, உயிரோடு வெட்கப்பட முடிந்ததே பெரிது.

மறுநாள் மேனேஜர் வந்தார். "வெளக்கம் ரொம்ப நல்லா இருந்துச்சு. ஒருத்தனும் மறக்க மாட்டான். வேலை நிரந்தரம். இனிமே தினமும் விடியக்காலையில பெரட்டுக்கு வந்துரு."

கல்யாணமும் நடந்தது. இன்றும் வீட்டில் நான் ஏதாவது நியாயம் பேச வாயெடுத்தால் மனைவி வாதாடுவதே இல்லை. அடுப்படியிலிருந்து அத்தைதான் குரல் கொடுப்பார்:

"மாப்பிள்ளைக்கு நாலாவது வந்துருச்சு போல. தண்ணி எடுத்துக் குடுமா."