ஒண்ணாம் தேதி அடக்கம்

ஏழைகளுக்கு மின்சாரம் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதில் தென்னாப்பிரிக்காவின் அந்தக் கிழக்கு கேப் நகராட்சிக்கு இரண்டு கருத்து இருந்ததில்லை. யார் ஏழை என்பதில்தான் சிறு சிக்கல்.

வுயேல்வாவின் மாமனார் மாதக் கடைசியில் காலமானார். சனிக்கிழமை அடக்கம். முந்தைய இரவு முழுக்க விளக்கெரிய வேண்டும், வந்தவர்களுக்கு டீ பாய்லர் ஓயாமல் கொதிக்க வேண்டும். முன்பணம் கட்டி, ரசீதில் வந்த எண்களை மீட்டரில் தட்டினாள். வழக்கத்தில் பாதி யூனிட்கூட ஏறவில்லை. நேராக நகராட்சிக்குப் போனாள்.

"அதே காசுதானே கட்டினேன், தம்பி?"

கட்டணப் பிரிவு அதிகாரி லுங்கிசா கனிவோடு நிமிர்ந்தார். "கட்டணத்துல மேல் படிக்கு வந்துட்டீங்கம்மா. வாழ்த்துகள்."

"நானா?"

"நிறைய வாங்குறவங்க வசதியானவங்க. அவங்களுக்கு விலை ஏறும். ஒண்ணாம் தேதி கணக்கு புதுசா ஆரம்பிக்கும், மறுபடி ஏழையாயிடுவீங்க, கவலைப்படாதீங்க."

"கொல்லையில நாலு தகரக் கொட்டகை, நாலு குடித்தனம். எல்லாத்துக்கும் ஒரே மீட்டர். அஞ்சு ஏழைக் குடும்பம் சேர்ந்தா?"

"ஒரு பணக்காரக் குடும்பம்மா."

"மேட்டுல நீச்சல் குளத்தோட இருக்காரே, அவரு?"

"கூரை பூரா சூரியத் தகடு போட்டுட்டாரும்மா. எங்ககிட்ட துளிதான் வாங்குறாரு. பாவம், முதல் படியைத் தாண்டவே முடியல."

"சனிக்கிழமை மாமனாரை இருட்டுலயா அனுப்பணும்?"

"ஒண்ணாம் தேதிக்குத் தள்ளுங்க. அவருக்கென்ன அவசரம்?"

சனிக்கிழமையன்றி யாரையும் புதைத்தறியாத ஊர் அது. ஒண்ணாம் தேதியோ செவ்வாய். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், கணக்குப் போட்டார்கள், தத்தம் வீட்டு இறந்தவர்களையும் காத்திருக்க வைத்தார்கள். பெண் கேட்கும் பேச்சு, நீத்தார் சடங்கு, எல்லாம் ஒண்ணாம் தேதிக்கு நகர்ந்தன. பிணவறையில் இடமில்லாமல் போயிற்று.

ஒண்ணாம் தேதி விடியுமுன், தெருவுக்குத் தெரு கூடாரம், கூடாரத்துக்குக் கூடாரம் டீ பாய்லர். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டார்கள். டிரான்ஸ்ஃபார்மர் ஒரு முழக்கத்தோடு விடைபெற்றது.

மூன்று கால் இரும்புப் பானைகளை விறகில் ஏற்றி, மெழுகுவத்தியில் துதி பாடி, வுயேல்வா மாமனாரை இருட்டிலேயே அனுப்பிவைத்தாள். இறைச்சித் தட்டோடு லுங்கிசாவும் நின்றிருந்தார்.

"இப்ப எந்தப் படியில இருக்கோம், தம்பி?"

"ஊரே முதல் படியிலம்மா! இப்படியொரு சமத்துவத்தை நான் பார்த்ததே இல்லை."

டிரான்ஸ்ஃபார்மர் மாற்ற மூன்று வாரம் ஆயிற்று. மின்சாரத்தோடு அறிவிப்பும் வந்தது: "பொதுமக்கள் பெருமளவில் முதல் படிக்குத் திரும்பியுள்ளமை மகிழ்ச்சியளிக்கிறது. அதனால் ஏற்பட்ட வருவாய் இழப்பை ஈடுசெய்ய, முதல் படியின் விலை உயர்த்தப்படுகிறது."

வுயேல்வா அன்று மாலை முழுவதும் நகராட்சியைத் திட்டினாள். பிறகு கொல்லைக் குடித்தனக்காரர்களின் மின்சாரப் பங்கை, அறிவிப்பில் இருந்ததைவிடச் சற்றுத் தாராளமாகவே ஏற்றினாள்.

மூன்றாவது கொட்டகை மலூசி ஓடி வந்தான். "என்னக்கா இது? எங்கிட்ட ஒரு பல்பும் ரேடியோவும்தானே இருக்கு!"

வுயேல்வா கனிவோடு நிமிர்ந்தாள்.

"மேல் படிக்கு வந்துட்டே, தம்பி. வாழ்த்துகள்."