மாப்பிள்ளை வாங்கிவந்த பெயின்ட்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன், எனக்குச் சந்தேகப் புத்தி. தக்காளி வாங்கும்போது தராசைப் பார்க்கமாட்டேன். கடைக்காரர் கண்ணைப் பார்ப்பேன். "இவன் பொறந்த அன்னிக்கே நர்சம்மாவ ஏற எறங்கப் பாத்தவன்" என்று அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். (நர்சம்மா என்னை மாற்றிவைக்கவில்லை என்பதற்கும் இதுவரை ஆதாரம் கிடைக்கவில்லை.)

அந்தப் புத்தி என் தங்கை தேன்மொழியின் வளைகாப்பையே கவிழ்க்கப் பார்த்தது.

எங்கள் வீடு ஜவ்வாது மலையில். தங்கையைக் கட்டிக்கொடுத்தது கீழே போளூரில். மாப்பிள்ளை சேகர் எலக்ட்ரீஷியன், அதிர்ந்து பேசாதவர். (அதனாலேயே அவர்மேல் எனக்கு ஒரு கண்.) ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வளைகாப்பு. வெள்ளிக்கிழமை காலை தங்கையோடு ஜீப்பில் வந்தவர், வெளிர்பச்சை எமல்ஷன் பெயின்ட் இரண்டு பக்கெட் இறக்கினார்.

"எங்க ஜனம் முப்பது பேரு வர்றாங்க மச்சான். செவுரு பளிச்சின்னு இருக்கட்டும். நீங்க அடிங்க, நான் ஒயரிங் பாக்குறேன்."

அதுவரை எங்கள் சுவர் சுண்ணாம்பைத் தவிர வேறெதையும் கண்டதில்லை. சுண்ணாம்படிப்பதில் நான் கில்லாடி. புளியங்கொட்டையை வறுத்து, தோலெடுத்து, இடித்து, கொதிக்கவைத்துப் பசையாக்கி, துணியில் வடிகட்டிச் சுண்ணாம்பில் கலந்தால், முதுகைச் சாய்த்தாலும் சட்டையில் ஒட்டாது. பெயின்ட்டும் சுவருக்குத்தானே? முதல் பக்கெட்டைச் சீல் உடைத்துத் திறந்து, ஒரு குண்டான் பசையை ஊற்றிக் கலக்கி, மூடிவைத்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தால் மேலே ஒரு சாண் வெறும் தண்ணீர், அடியில் பச்சைச் சேறு. கலக்கினேன், ஒன்றாகச் சேர்ந்தது. ஏணியைத் தேடி எடுத்து வருவதற்குள் மறுபடியும் மேலே தண்ணீர் தெளிந்துகொண்டிருந்தது.

வேறு யாராவது என்றால் பசையை நினைத்திருப்பார்கள். நான் மாப்பிள்ளையை நினைத்தேன். ஜீப் ஏன் ஒரு மணி நேரம் தாமதம்? இறங்கும்போது அவர் கை ஏன் ஈரமாக இருந்தது?

"மாப்ள, வழியில இந்த பக்கெட்ட எங்கனா எறக்குனீங்களா?"

"இன்னாத்துக்கு மச்சான்?"

"சும்மாதான். போன மாசம் உங்க வூட்லயும் பச்சதான் அடிச்சீங்கன்னு கேள்விப்பட்டேன்."

ஸ்டூல்மேல் நின்றிருந்தவர் மெதுவாக இறங்கினார். டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகினார். "பாதிய எடுத்துக்கிட்டு தண்ணி ஊத்திட்டேன்றீங்களா? சீல ஒடச்சது நீங்கதான?"

"சீல திருப்பி ஒட்டத் தெரியாதா இன்னா? எலக்ட்ரீஷியன் வேற."

(இதை நான்தான் சொன்னேன். என் வாயால்.)

"தேனு, துணிய எடுத்து வை. வளைகாப்ப போளூர்லயே வெச்சிக்கலாம்."

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். "டேய், ஏழு மாசத்துப் புள்ளத்தாச்சி, வளையல் போடாம என் வாசப்படி தாண்டிப் போனா நான் யாரு மூஞ்சில முழிப்பேன்?"

அப்போதாவது மாப்பிள்ளை கையைப் பிடித்திருக்கலாம். நான் நிரூபிக்கக் கிளம்பினேன். "ரெண்டாவது பக்கெட்ட எல்லாரும் பாக்கத் தொறப்போம்!" சீலை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் உடைத்தேன். உள்ளே கெட்டி மோர்போல ஒரே சீராக இருந்தது. தங்கை ஒரு டம்ளரில் கொஞ்சம் மொண்டு நிறம் பார்த்தாள்.

"பாத்தீங்களா, இது நல்லா கீது! அப்ப அதுல மட்டும் தண்ணி எப்டி வந்துச்சி?" என்று முழங்கிக்கொண்டே, கைப்பழக்கத்தில் மீதிப் பசையை அதிலும் ஊற்றிக் கலக்கிவிட்டேன்.

மாப்பிள்ளை ஜீப்புக்குப் போன் போட்டார். வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். பையும் கையுமாக எல்லாரும் பக்கெட்டைச் சுற்றியே உட்கார்ந்திருந்தோம். ஜீப் வருவதற்குள் பக்கெட்டின் மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. தங்கை, முதலில் மொண்டுவைத்திருந்த டம்ளரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். டம்ளரில் பெயின்ட் அப்படியே இருந்தது.

"அண்ணா, இன்னா ஊத்துன?"

"பசதான்."

"அதுலயுமா?"

"ஊத்தாம?"

பிறகு, கையில் கிடைத்ததையெல்லாம் படித்துத்தான் எனக்கே விளங்கியது. பெயின்ட் என்பது தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள். பசையோ சுருண்டு புரளும் நீள இழைகள். இழை உருண்டையில் ஒட்டுவதுமில்லை, அதோடு சண்டைக்குப் போவதுமில்லை. புரள அதற்கு இடம் வேண்டும், அவ்வளவுதான். நெருங்கி நிற்கும் இரண்டு உருண்டைகளின் இடுக்கில் நுழைய முடியாத இழைகள், வெளிப்பக்கமிருந்தே மோதி மோதி அவற்றை இன்னும் நெருக்கிவிடுகின்றன. இப்படிக் கும்பல் சேர்ந்த உருண்டைகள் அடியில் இறங்க, மேலே தண்ணீர் தெளிகிறது. விசேஷ வீட்டில் பிள்ளைகள் ஓடியாட இடம் கேட்டால், பெரியவர்கள் நாற்காலியோடு ஒரு மூலையில் ஒடுங்குகிறார்களே, அதேதான். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாமல் பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "மாப்ள, தப்பு என்மேலதான். மன்னிச்சிருங்க" என்றேன். அவர் பக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலில் ஹாரன் அடித்த ஜீப்பைத் திருப்பி அனுப்பினார். "வூட்ல சுண்ணாம்பு கீதா மச்சான்?"

இரண்டு நாளும் இருவருமாகச் சுண்ணாம்படித்தோம். ஞாயிற்றுக்கிழமை தங்கை கை நிறைய வளையலோடு எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்தாள். அம்மா எல்லாரிடமும் பேசினார், என்னைத் தவிர.

இன்றைக்கும் நான் போளூர் போனால் அந்த வீட்டில் எனக்குச் சொம்பில் தண்ணீர் கிடையாது. மாப்பிள்ளை கடைக்கு ஆளனுப்பி பாட்டில் தண்ணீர் வாங்கிவரச் செய்வார். அன்று தங்கை வயிற்றிலிருந்த பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்திவந்து நீட்டுவாள்: "மாமா, சீல் பாத்துக்கோங்க."

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே ஒருமுறை பார்த்தும்விடுவேன்.