சவுண்டல் மரத்து வெள்ளைத்தாள்

கோவில்பட்டி,
ஆடி 3

சிவகாசியில் அச்சகம் நடத்தும் அருமை மச்சான் நவநீதகிருஷ்ணன் அவர்களுக்கு, பூவனநாதன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை ராமலட்சுமியும் மகள் ஆனந்தியும் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் நீங்கள் ஊர் ஊராக அலையத்தான் வேண்டும்.

நிச்சயதார்த்தத்தன்று, தோட்டத்தில் நாலே வருடத்தில் பனை உயரம் வளர்ந்த சவுண்டல் மரத்தில் தாள் செய்து அதில்தான் ஆனந்தியின் கல்யாணப் பத்திரிகை அடிப்பேன் என்று நான் சொன்னபோது, சம்பந்தி வீட்டார் முன்னால் என்ன சொன்னீர்கள்? "மாப்பிள, சவுண்டல்ல ஆட்டுக்குக் குழை ஒடிக்கலாம், பத்திரிகை அடிக்க ஏலாது. வெள்ளைத்தாள் மட்டும் வரட்டும், வீடு வீடா நானே போயி பத்திரிகை வைக்கேன்." எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளே நான் கோடாலியை எடுத்தேன்.

மூடிக் கிடக்கும் நம் தீப்பெட்டி ஆபீஸ் கொட்டகையில் மரத்தைச் சில்லு சில்லாக வெட்டி, காஸ்டிக் சோடா போட்டு அவித்தேன், கூழ் கருப்பட்டி நிறத்தில் வந்தது, சாக்கடைக்குத் தூவும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினேன், ஆசை தீராமல் இன்னும் ரெண்டு மடங்கு ஊற்றினேன், வெளுத்தது என் வேட்டிக்கரைதான், தாளோ அப்பளமாக நொறுங்கியது. பக்கத்து வீட்டு வேலுத்தாய் வந்து, "அண்ணாச்சி, சம்பந்தி வீட்டுக்காரவிய வார நேரத்துல இங்கன கக்கூஸ் கழுவுன வாடை அடிக்கி" என்றாள். அப்புறம் ஹைட்ரஜன் பெராக்சைடு. இரும்பு டிரம்மில் ஊற்றியதும் நுரைத்துப் பொங்கித் தரையில் ஓடிவிட்டது. இரும்பு பட்டால் அதன் வீரியம் போய்விடுமாம், விற்றவன் விற்ற பிறகு சொல்கிறான். கடைசியில் ஆனந்திக்குச் சீராக வாங்கி வைத்த எவர்சில்வர் அண்டாவை எடுத்து, புதுக் கூழையும் பெராக்சைடையும் அதில் போட்டேன். கிணற்று உப்புத்தண்ணீர் ஆகாதென்று, எட்டு நாளைக்கு ஒருதரம் வரும் குழாய்த் தண்ணீர் பூராவையும் ஊற்றினேன். உங்கள் தங்கை குடத்தைத் தூக்கிக்கொண்டு வேலுத்தாய் வீட்டுக்குப் போனாள்.

அண்டாவைத் திறந்தேன், மச்சான். கூழின் வெளுப்பில் வெடித்த பருத்தி தோற்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. கொசுவலைச் சட்டத்தில் வடித்துக் காயவைத்து இருநூறு தாள் எடுத்தேன். ஆனந்தி ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "யப்பா, நெசமாவே நம்ம மரமா?" என்றாள்.

ஆகவே வெள்ளிக்கிழமை தாளோடு வருகிறேன். நீங்கள் செருப்பைத் தைத்து வையுங்கள். முதல் வீடு புதூரில், கடைசி வீடு பாஞ்சாலங்குறிச்சியில். நடுவில் கடம்பூரில் போளி தின்ன அனுமதி உண்டு.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
ஜெயித்த மாப்பிள்ளை
பூவனநாதன்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை எடுக்க உள்ளே போனேன். உங்கள் தங்கை இருநூறு தாளையும் மஞ்சள் தண்ணீரில் முக்கிக் கொடியில் போட்டிருக்கிறாள். "நல்ல காரியத்துக்கு வெறும் வெள்ளையாவா அனுப்புவாவ? ஒவ்வொண்ணா மூலையில தடவ எனக்கு ஏலாது, அதான் ஒரே முக்கா முக்கிட்டேன்" என்கிறாள். நான் அலசியது போதாதுபோல. தாளில் காஸ்டிக் சோடா மிச்சமிருந்து மஞ்சள் அத்தனையும் செங்கல் நிறத்துக்குச் சிவந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு வருகிறேன். உங்கள் கடையில் நல்ல வெள்ளைத்தாளாக இருநூறு எடுத்து வையுங்கள். சம்பந்தி கேட்டால் சவுண்டல் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்.