ஏவுதளம் சிதம்பரம், அதிகாரம் கடலூர்

இன்றைக்கு வெறுங்கையோடு திரும்புவதில்லை என்று பாலகுமார் சபதம் எடுத்தபோது ரயில் பரங்கிப்பேட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தது. சபதத்துக்குச் சாட்சி எதிர் இருக்கையில் இருந்த மீன்கூடைதான். அதுவும் கிள்ளையில் இறங்கிப் போய்விட்டது.

வாய்தா வாங்குவதில் கடலூர் கோர்ட்டிலேயே பாலகுமாருக்கு நிகர் பாலகுமார்தான். அப்பேர்ப்பட்ட வக்கீலிடமே ஒருத்தி மாதக்கணக்காக வாய்தா வாங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் தில்லையம்மாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மனைவி வினோதினியை மூன்றாம் மாதம் அனுப்புவதாகப் பேச்சு. மூன்றாம் மாதம் பாப்பாவுக்குச் சளி. நாலாம் மாதம் இரட்டைப்படை, பிள்ளையை அனுப்பக் கூடாது. இப்போது ஐந்தாம் மாதத்தின் கடைசி ஞாயிறு. இதை விட்டால் ஆறும் இரட்டைப்படை. ஏழு பிறக்கும்வரை மஞ்சக்குப்பம் மெஸ்ஸில் உட்கார்ந்து ரசத்தோடு ரசமாகக் கரைய வேண்டியதுதான்.

வினோதினிக்கும் கிளம்ப மனசில்லை. காரணம் அம்மா பாசம் அல்ல, பயம். பாப்பா தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். தூங்காவிட்டால், ஏன் தூங்கவில்லை என்று பயப்படுவாள்.

"நீங்க கோர்ட்டுக்குப் போயிட்டா அந்த வீட்டுல நானும் அவளும் மட்டும்தாங்க. ஒண்ணுன்னா யாரைக் கூப்புடுவேன்? நீங்க இங்க வந்துடுங்களேன். இங்கேர்ந்தே ரயில்ல போயிட்டு வரலாம்ல?" என்று போனில் கேட்டாள்.

"வீட்டோட மாப்பிள்ளையாவா? நானா? குழந்தையப் பாத்து யாராவது பயப்படுவாங்களா வினோ?" என்று சிரித்தான் பாலகுமார். கால் மணி நேரம் சேர்ந்தாற்போலப் பாப்பாவைத் தூக்கி வைத்திருந்தவனில்லை. அதனால் சிரிப்பு நன்றாகவே வந்தது.

அவன் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. விண்வெளிச் சட்டம். ஆன்லைனில் சான்றிதழ்ப் படிப்பு படித்துப் பாஸ் பண்ணியிருந்தான். ஆட்டோ மோதியது, செக் திரும்பியது என்று வருகிற கடலூர்க் கட்சிக்காரர்களுக்கு அந்தச் சட்டம் தேவைப்படவே இல்லை. கத்தி உறையிலேயே கிடந்தது. மதியம் சிதம்பரத்து மாமியார் வீட்டில் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் இலையில் விழுந்ததும் உருவிவிட்டான்.

"அத்தை, ஒரு ராக்கெட். ஒரு நாட்டு மண்ணுலேர்ந்து கிளம்புது. அதுல இருக்கிற விண்கலம் வேற நாட்டுக்காரனோடது. மேல போன பிறகு அது மேல யாருக்கு அதிகாரம்?"

"நல்ல நேரத்துல கிளம்பிச்சா?" என்றாள் தில்லையம்மாள்.

"அங்க ஏதுங்க அத்தை நல்ல நேரம்? ஒரு நாளைக்குப் பதினாறு தடவை சூரியன் உதிக்கும்."

"அப்ப பதினாறு ராகு காலமா!" அவள் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள். "எவன் மாப்ளே அங்க உருப்புடுவான்?"

"அதை விடுங்க. எந்த நாட்டுல பதிவாகியிருக்கோ அந்த நாட்டுக்குத்தான் அதிகாரம். விண்கலத்து மேலயும், உள்ள இருக்கிற ஆளு மேலயும். எங்க சுத்தினாலும் சரி. கிளம்பின இடம் வெறும் ஏவுதளம். அவ்வளவுதான்."

"இப்ப யாரு எங்க கிளம்புறா?"

"பாப்பாதான் அத்தை விண்கலம். பேருக்கு முன்னாடி இருக்கிறது என் இனிஷியல். அதிகாரம் கடலூருது. சிதம்பரம் ஏவுதளம்."

பக்கத்து இலையில் மாமனார் வைத்திலிங்கம் மோரை உறிஞ்சுவதை நிறுத்தினார். "எனக்கும் இந்த வீட்டுல அதிகாரம் இருந்துச்சு மாப்ளே. ஒரு தீபாவளிக்கு" என்றார். மறுபடி உறிஞ்சத் தொடங்கினார்.

தில்லையம்மாள் வாயைத் திறப்பதற்குள் வினோதினி குறுக்கே வந்தாள். கோபமாக வருவாள் என்று எதிர்பார்த்தான். பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்முன் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக வந்தாள்.

"அப்ப பாப்பா மேல முழு அதிகாரம் உங்களுக்குத்தாங்க?"

"ஆமா."

"எங்க அம்மாவுக்குக் கொஞ்சம்கூடக் கிடையாது?"

"ஐ.நா. சபையே வந்து நின்னாலும் கிடையாது."

"சரிங்க. நான் வரேன். நாலரைக்கு ராகு காலம், அதுக்குள்ள கிளம்பிடலாம்."

பாலகுமாருக்குக் கொத்சு இறங்கவில்லை. வாதமே இல்லாமல் ஜெயித்துவிட்டானே! வினோதினி உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தாள். நடையில் வைத்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"ஒரு சந்தேகம். அந்த விண்கலம் கீழ விழுந்து யாரு கூரையாவது ஒடஞ்சா?"

வக்கீலிடம் இப்படிக் கேட்பது யானையிடம் கரும்பை நீட்டுவது மாதிரி. "ஏவின நாட்டுக்கு முழுப் பொறுப்பு!" என்று எழுந்தே விட்டான். "யாரு தப்புன்னு கேள்வியே கிடையாது. கவனமாத்தான் இருந்தோம்னு சொல்லித் தப்பிக்க முடியாது. சோவியத் செயற்கைக்கோள் ஒண்ணு கனடா பனியில விழுந்துச்சு. இழப்பீடு குடுத்தாங்கல்ல!"

"ஏவுதளத்துக்கு?"

"அதான் வெறும் ஏவுதளம்னு சொன்னேனே."

"ஆமால்ல" என்றாள் வினோதினி. பாப்பாவைத் தொட்டிலிலிருந்து எடுத்து அவன் தோளில் சாய்த்தாள். "அம்மா, அப்பா, யாரும் கை வைக்காதீங்க. அவருக்கு முழு அதிகாரம். நான் போய்த் தலைக்குக் குளிக்கறேன். குளிச்சு எத்தனை நாளாச்சு!"

அவள் போன கொஞ்ச நேரத்திலேயே விண்கலம் பாலைக் கக்கியது. கொஞ்சம் அவன் சட்டையில். மிச்சம் வைத்திலிங்கத்தின் சலவை வேட்டியில்.

"முழுப் பொறுப்பு" என்று வேட்டியை அவிழ்த்து நீட்டினார் மாமனார், துண்டோடு நின்றபடி. "கவனமாத்தான் இருந்தேன்னு சொல்ல முடியாது மாப்ளே."

வேட்டியை ஒரு கையால் அலசினான். பாப்பா அழத் தொடங்கினாள். நடந்தான், நின்றான், சினிமாப் பாட்டு பாடினான், மோட்டார் வாகனச் சட்டத்தைச் சொல்லிப் பார்த்தான். அவள் முகம் தக்காளியானது. பிறகு விக்கல்.

"அத்தை! விக்குது!"

"உங்க நாட்டு விக்கல் மாப்ளே. நான் எப்படிக் கை வைக்கறது?" என்று தில்லையம்மாள் வெற்றிலையை நீவினாள்.

விக்கல் நின்றது. அழுகை நின்றது. பாப்பா தூங்கிவிட்டாள். அப்பாடா என்று மூச்சு விட்டவனுக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. ஏன் இவ்வளவு அமைதி?

அசையவில்லை. சத்தமில்லை. பாலகுமார் மெல்லக் குனிந்தான். மூக்கருகே விரலை வைத்தான். ஒன்றும் தெரியவில்லை. தன் மூச்சுதான் இடிக்கிறதோ என்று தன் மூச்சை அடக்கிக்கொண்டான். கண் இருட்டிக்கொண்டு வந்தபோது நகத்தின் மேல் பூனைமுடி பட்டதுபோல் ஒரு காற்று. அப்புறம் இன்னொன்று.

நிமிர்ந்தான். ஈரத்தலையோடு வினோதினி வாசற்படியில் நின்றாள். சிரிக்கவில்லை.

"வந்துச்சாங்க?"

"வந்துச்சு" என்றான்.

"நான் ராத்திரி முழுக்க அப்படித்தான். வாங்க, நேரமாச்சு, கிளம்பலாம்."

பாலகுமார் கடலூர் வீட்டை நினைத்துப் பார்த்தான். காலையில் கதவைச் சாத்திவிட்டு அவன் கோர்ட்டுக்குப் போவது. உள்ளே அவளும் இந்த விக்கலும். பாப்பாவின் மூக்கருகே மறுபடி விரலை வைத்துப் பார்த்தான்.

"வினோ, சட்டத்துல இன்னொரு பிரிவு இருக்கு" என்று ஆரம்பித்தான். "ஏவுதளம் குடுத்த நாடும் பொறுப்புல கூட்டு."

"அப்படியா?" தில்லையம்மாள் வெற்றிலையை மடித்தாள். "சாப்புடறப்ப வெறும் ஏவுதளம்னீங்க?"

"அது அதிகாரத்துக்கு அத்தை. பொறுப்புன்னு வந்தா ரெண்டு பேரும்தான். நிஜமாவே சட்டம் அப்படித்தான்."

"தெரியும்" என்றாள் வினோதினி. "உங்க பரீட்சைக் கட்டுரையெல்லாம் வயித்துப் பிள்ளையோட உக்காந்து டைப் பண்ணது யாரு? ஏவுதளம்னு நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

பாலகுமார் வக்கீல் பிழைப்பில் முதல் தடவையாக வழக்கை வாபஸ் வாங்கினான். பிறகு, கருணை மனு.

"ஆபத்துல வந்து இறங்கின விண்வெளி வீரருக்கு எந்த நாடா இருந்தாலும் அடைக்கலம் குடுக்கணும். அதுவும் ஒப்பந்தம்தான். ஏழாம் மாசம் வரைக்கும் நானும் இங்கயே... காலையில ரயில் இருக்குல்ல?"

"வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லுவாங்களே?"

"சொல்லட்டும்."

"இந்த வீட்டுல ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு சட்டம் மாப்ளே" என்றாள் தில்லையம்மாள்.

"விண்வெளி நிலையத்துலயும் அதேதான் அத்தை. ஒவ்வொரு ரூமும் ஒவ்வொரு நாட்டுது."

"அங்க யாருதோ. இங்க எல்லாமே என்னுது."

ராகு காலம் வந்தது, போனது. யாரும் கவனிக்கவில்லை. பாப்பா அம்மாவின் தோளுக்கு மாறினாள். வினோதினியின் முகத்தில் மாதக்கணக்கில் பார்க்காத ஒரு நிம்மதி. தானே பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்ததாகப் பாலகுமார் நினைத்துக்கொண்டான். அந்தப் பெருமையிலேயே நடையில் இருந்த பெட்டியை உள்ளே வைக்கத் தூக்கினான். பஞ்சு மாதிரி மேலே வந்தது. திறந்து பார்த்தான். உள்ளே ஒரே ஒரு தலையணை.

"அது உங்களுக்குத்தாங்க. காலையிலயே உறை மாத்தி வச்சிட்டேன்" என்றாள் வினோதினி.